முத்துமீனாவுக்கு எதிராக முத்துமீனா

மாவட்ட இளையோர் மல்யுத்த ஒழுங்குமுறைக் கழகத்தைப் பற்றித் தவறாகப் பேசுகிறவர்கள் யாரும் அதன் அலுவலகத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். போனவர்கள் பேசமாட்டார்கள். அவர்களுக்கு இன்னும் வேலை முடிந்திருக்காது.

மாட்டுத்தாவணிக்குப் போகிற வழியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே அந்த அலுவலகம் இருக்கிறது. பீரோ நான்கு, நாற்காலி ஒன்பது, முன்னாள் தலைவர்களின் படம் பதினொன்று. மல்யுத்தம் சம்பந்தமாக அங்கே இருக்கிற ஒரே பொருள் செயலாளர் அருள்பாண்டியின் விசிட்டிங் கார்டு. அதில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படம் போட்டிருக்கும்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ராஜபாண்டி அந்த மாடிப்படியில் ஏறினார். விளாங்குடிக்காரர். மேலூரில் கல் லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். அவருடைய ஒரே மகள் முத்துமீனா பதினோராம் வகுப்பு படிக்கிறாள், நாற்பத்தொன்பது கிலோ பிரிவில் மல்யுத்தம் போடுகிறாள். ஜூலையில் பள்ளிக்காகப் போட்டியிட்டு மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். ஆகஸ்டில் தான் பயிற்சி எடுக்கிற கிளப்புக்காகப் போட்டியிட்டு அதிலும் முதலாவதாக வந்தாள். பள்ளியில் ஜெயித்தவரும் கிளப்பில் ஜெயித்தவரும் கடைசியில் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும், அதில் ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்பது வழக்கம். இரண்டிலும் ஒரே பிள்ளை ஜெயித்தால் மோதாமலே அனுப்பிவிடுவார்கள். அதில் ஒழுங்கு இல்லை என்று கழகம் இந்த வருடம் கண்டுபிடித்துவிட்டது.

மாநிலத்தில் முதலிடம் பிடித்தால் அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். சாப்பாடு, படிப்பு, நல்ல கோச் எல்லாம் கிடைக்கும். அடுத்த வருடம் முத்துமீனாவுக்கு வயது தாண்டிவிடும். ஆகவே இந்த வருடம் போனால்தான் உண்டு. ராஜபாண்டிக்கு இந்தக் கணக்கு மட்டும் தெளிவாகப் புரிந்திருந்தது. மற்றது எதுவும் புரியாததால்தான் படியேறினார்.

அருள்பாண்டி அவரை அன்பாக உட்காரவைத்தார்.

"இந்த விதி யாருக்காக ராஜபாண்டி? பிள்ளைகளுக்காக. ஒரு பிள்ளை பள்ளிக்கும் மல்லுக்கட்டி கிளப்புக்கும் மல்லுக்கட்டுனா என்னாகும்? களைச்சுப்போகும். விசுவாசம் ரெண்டா பிரிஞ்சுபோகும். ஒரு ஆளு ஒரு எடத்துலதான் உண்மையா இருக்க முடியும். அனுபவத்துல சொல்றேன். நான் இந்தக் கழகத்துக்குச் செயலாளர், நீச்சலுக்குத் துணைத்தலைவர், சதுரங்கத்துக்குப் பொருளாளர், ஸ்கேட்டிங்குக்கு ஆயுள் புரவலர். எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத்தான தெரியும். அந்தக் கஷ்டம் அடுத்த தலைமுறைக்கு வரக் கூடாதுய்யா."

"ஐயாவுக்கு நீச்சல் நல்லா வருமா?" என்று ராஜபாண்டி மரியாதைக்காகக் கேட்டுவைத்தார்.

"தண்ணிப் பக்கமே போனதில்ல. பொறுப்புல இருக்கிறவன் நனையக் கூடாது."

புதிய விதிப்படி முத்துமீனா ஒரே பருவத்தில் பள்ளி, கிளப் இரண்டுக்காகவும் போட்டியிட்டது குற்றம். விதி வந்தது செப்டம்பரில்தான், அவள் போட்டியிட்டது அதற்கு முன்னால்தான் என்று ராஜபாண்டி சொல்லிப்பார்த்தார். நல்ல விதிக்குத் தேதி கிடையாது என்று அருள்பாண்டி சொன்னார். ஆனால் கழகம் இரக்கமுள்ளது. ஒன்றிலிருந்து விலகிவிட்டால் மன்னித்துவிடும்.

சரி, கிளப்பிலிருந்து விலகிக்கொள்கிறோம் என்றார் ராஜபாண்டி. எழுத்தர் செல்வக்குமார் ஒரு படிவத்தை நீட்டினார். கிளப்பின் கோச் சாய்பிரசாத் தங்கமான மனிதர். தகரக் கொட்டகையில் பழைய மெத்தைகளைப் போட்டு, காசு வாங்காமல் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார்: 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, சந்தோஷமே.' கடிதம் மறுநாளே திரும்பி வந்தது. சந்தோஷத்துக்குப் படிவத்தில் இடமில்லையாம். சாய்பிரசாத் சந்தோஷத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடியவில்லை. கிளப் முத்துமீனா விலகினால் பள்ளி முத்துமீனா சண்டையே போடாமல் ஜெயித்ததாக ஆகும். அப்படி ஜெயிக்கிறவர், எதிராளியை மிரட்டியோ ஆசை காட்டியோ விலகவைக்கவில்லை என்று உறுதிமொழி தரவேண்டும். விலகுகிறவரும் அதை ஒப்புக்கொண்டு தனியாக எழுதித்தர வேண்டும். முத்துமீனா சமையலறை மேடையில் தாளை வைத்து எழுதினாள்:

'கிளப் முத்துமீனாவை நான் மிரட்டவில்லை. ஆசை எதுவும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவள் நல்ல பெண். இப்படிக்கு, பள்ளி முத்துமீனா.'

இன்னொரு தாளில், 'பள்ளி முத்துமீனா சொல்வது உண்மை. எங்களுக்குள் முன்பகை எதுவும் இல்லை. இப்படிக்கு, கிளப் முத்துமீனா.'

செல்வக்குமார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு கையெழுத்தும் ஒண்ணா இருக்கேண்ணே."

"ஒரே பிள்ளதான சார் போட்டுச்சு?"

"அதத்தாண்ணே நாங்க மோசடிங்கிறோம்."

மோசடிப் புகார் வந்துவிட்டதால் விலகல் மனு நின்றுபோனது. விசாரணை முடியும்வரை இரண்டு முத்துமீனாக்களும் போட்டியில் இருப்பதாகவே கருதப்படும், இருவருக்கும் தனித்தனிக் கோப்பு திறக்கப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பள்ளி முத்துமீனாவுக்குப் பச்சைக் கோப்பு, கிளப் முத்துமீனாவுக்கு மஞ்சள் கோப்பு. மஞ்சள் கொஞ்சம் கனமாக இருந்தது.

கோப்பு என்று இருந்தால் அதில் எடைச் சீட்டு இருக்க வேண்டும். எடை பார்க்கிற நாளில் காலை ஒன்பது மணிக்கு முத்துமீனா பள்ளி வரிசையில் நின்று மிஷினில் ஏறினாள். நாற்பத்தெட்டு கிலோ அறுநூறு கிராம். அப்புறம் கிளப் வரிசைக்குப் போய் நின்றாள். முன்னால் முப்பது பேர், நல்ல வெயில். ஒரு வாழைப்பழம் தின்றாள், தண்ணீர் குடித்தாள். முறை வந்து ஏறினால் நாற்பத்தெட்டு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

இரண்டு சீட்டையும் பார்த்ததும் செல்வக்குமார் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்ததை அலுவலகத்தில் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு எடை இருக்க முடியாது. ஆக, இது ரெண்டு ஆளு."

ராஜபாண்டிக்கு உயிர் வந்தது. தனக்குத் தெரிந்த விஷயத்துக்கு ஒருவழியாக வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். "சார், எடையப் பத்தி எங்கிட்டக் கேளுங்க. காலி லாரிய ஒருவாட்டி மேடையில ஏத்துவோம். கல்லு ஏத்துனதும் இன்னொருவாட்டி ஏத்துவோம். ரெண்டு எடைதான் வரும். ஆனா லாரி ஒண்ணுதான் சார்."

"அப்போ உங்க மக கல்லு ஏத்திக்கிட்டு வந்துச்சா?" என்றார் அருள்பாண்டி.

"தண்ணி குடிச்சுச்சுங்கய்யா."

"எழுதிக் குடுங்க."

எழுதிக்கொடுத்தார். 'எடை பார்ப்பதற்கு முன் திரவம் உட்கொண்டதாகத் தந்தை ஒப்புதல்' என்று குறிப்பெழுதி மஞ்சள் கோப்பில் வைத்தார்கள்.

அந்த வாரம் விளாங்குடி வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. ராஜபாண்டி வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி பாண்டீஸ்வரிதான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தாள். 'ரேஷன் கார்டில் ஒரு மகள் பெயர் மட்டுமே உள்ளது. தங்களுடைய இரண்டாவது மகள் குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

சாயங்காலம் ராஜபாண்டி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாருய்யா அது ரெண்டாவது மக?"

"ஏ, அது நம்ம மீனாதாண்டி."

"நம்ம மீனாவா? நம்ம மீனாவுக்கு எதுக்கு ஏழு நாள் டயம் குடுக்குறாங்க? பதினெட்டு வருஷமா மேலூரு மேலூருன்னு ஓடும்போதே நெனச்சேன். இங்க இல்லாத எடைமேடையா?"

முத்துமீனா குறுக்கே வந்து சிரித்துச் சிரித்து விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. விளங்கியதும் பாண்டீஸ்வரியின் கோபம் அப்படியே திசை திரும்பியது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி, கழகம் திறப்பதற்கு முன்பே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அருள்பாண்டி வந்ததும் எழுந்து நின்று சொன்னாள்:

"ஐயா, நான் பெத்தது ஒண்ணு. இன்னொண்ணு நீங்க பெத்தது. நீங்களே வச்சு வளத்துக்கங்க."

இதைக் கேட்டு அருள்பாண்டி நெகிழ்ந்துபோனார். கழகத்தை ஒரு தாய் தாயாக ஏற்றுக்கொள்வது அவருடைய சேவையில் இதுதான் முதல் முறை. உடனே கூட்டம் கூட்டினார். பெற்றோரே ஒப்புக்கொண்டதால் இரண்டு முத்துமீனாக்கள் இருப்பது உறுதியாகிவிட்டது. இனி இருவரும் முறைப்படி மோதி, ஜெயிப்பவர் மாநிலத்துக்குப் போகலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கைதட்டினார்கள். வடை வந்தது.

"அப்ப நான் எங்கூடவே மல்லுக்கட்டணுமா?" என்றாள் முத்துமீனா.

"கட்டுத்தா. வேற வழியில்ல," என்றார் ராஜபாண்டி. சொல்லும்போது அவருக்கே தலை சுற்றியது.

இறுதிப்போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளாங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் ஃபிளெக்ஸ். அதில் பெரியதாக அருள்பாண்டி கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் இரண்டு ஸ்டாம்பு சைஸ் வட்டங்களில் பள்ளி முத்துமீனாவும் கிளப் முத்துமீனாவும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே போட்டோதான், ஒன்றைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

துவக்க விழா இரண்டேகால் மணி நேரம். மல்யுத்த மெத்தையின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாற்பத்தொரு பேர் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். அருள்பாண்டி பேசினார்: "முப்பது வருஷமா மல்யுத்தத்துக்கே வாழ்க்கைய அர்ப்பணிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் மெத்தையில கால் வெக்கிறேன். இம்புட்டு மெத்துன்னு இருக்கும்னு தெரியாமப் போச்சு."

ஒருத்தர் சிவப்பு, ஒருத்தர் நீலம் உடுத்த வேண்டும் என்பது மல்யுத்த விதி. சாய்பிரசாத் தெரிந்த டெய்லரிடம் சொல்லி, வலது பாதி சிவப்பும் இடது பாதி நீலமுமாக ஓர் உடுப்பு தைத்துவைத்திருந்தார். முத்துமீனா மெத்தையின் நடுவில் வந்து நின்றாள். நடுவர் கை குலுக்கச் சொன்னார். தன் வலது கையால் இடது கையைப் பிடித்துக் குலுக்கினாள். நடுவர் விசில் ஊதினார்.

முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு தாக்காமல் நிற்கிறது என்று நடுவர் எச்சரித்து நீலத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தார். பிறகு நீலமும் தாக்காமல் நிற்கிறது என்று சிவப்புக்கு ஒரு புள்ளி கொடுத்தார். மண்டபத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அது முத்துமீனாவின் காதில் விழுந்துவிட்டது. கொட்டாவியை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது.

சட்டென்று குனிந்து தன் இடது காலைத் தானே வாரினாள். தொப்பென்று விழுந்து, உருண்டு, பாலம் போல வளைந்து, துள்ளி எழுந்து, தன் கழுத்தைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு மெத்தையைச் சுற்றி வந்தாள். மூன்று வருடமாகச் சாய்பிரசாத் சொல்லிக்கொடுத்த பிடி ஒன்று விடாமல் தன்மேலேயே போட்டாள். மண்டபம் எழுந்துவிட்டது. வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிவப்புதான் தெரிந்தது. இடது பக்கத்துக்காரர்களுக்கு நீலம். "விடாத மாப்ள, சிவப்பு அமுக்கிருச்சு!" என்று ஒரு கூட்டம். "நீலத்துக்கு மூச்சு இருக்குடா, பாரு!" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேர் பந்தயம் கட்டிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அருள்பாண்டி நாற்காலிமேல் ஏறி நின்று, கழகம் நடுநிலை வகிக்கும் என்பதையே மறந்து, "சிவப்பு! சிவப்பு!" என்று கத்தினார். செல்வக்குமார் புள்ளி எழுதுவதை நிறுத்திவிட்டு விசிலடித்தார்.

ஆறுக்கு ஆறு. முத்துமீனா அப்படியே மல்லாந்தாள். இரண்டு தோளும் மெத்தையில். நடுவர் மெத்தையை ஓங்கி அடித்தார். யார் யாரை வீழ்த்தினார் என்று ஐந்து பேர் பதினைந்து நிமிடம் விவாதித்தார்கள். விழுந்தபோது வலது கை மேலே இருந்ததால் சிவப்பு ஜெயித்தது, அதாவது பள்ளி முத்துமீனா ஜெயித்தாள் என்று முடிவானது. நடுவர் அவளுடைய வலது கையைத் தூக்கிப்பிடித்தார். இடது கையைத் தொங்கப்போடச் சொன்னார்.

"யப்பா," என்று மூச்சு வாங்கினாள் முத்துமீனா, "இம்புட்டுக் கெட்டிக்காரி கூட நான் மோதுனதே இல்லப்பா."

நான்கு நாள் கழித்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில் பள்ளி முத்துமீனா மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள், கழகம் அவளை வாழ்த்தியது. இரண்டாவது கடிதத்தில் கிளப் முத்துமீனா எதிர்ப்புக் காட்டாமல் மல்லாந்ததால் ஓராண்டுக்குத் தடை செய்யப்பட்டிருந்தாள். போட்டி நடக்கும் எந்த வளாகத்துக்குள்ளும் அவள் நுழையக் கூடாது. மீறி நுழைந்தால் அந்த நாளின் முடிவுகள் செல்லாது. அடையாளத்துக்குப் புகைப்படம் இணைக்கப்பட்டிருந்தது.

ராஜபாண்டி மறுபடி படியேறினார். இந்தத் தடவை அழுகைதான் வந்தது.

"நீங்க ஏன் அழுகுறீங்க?" என்று அருள்பாண்டி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "தடை அந்தப் பிள்ளைக்கு. உங்க பிள்ளைக்கு வாழ்த்து. அடுத்தவங்களுக்காக இப்பிடிக் கண் கலங்குறீங்களே, உங்கள மாதிரி ஆளு நம்ம கழகத்துக்கு வேணுமய்யா."

அந்த வருடம் மாநிலப் போட்டி மதுரையிலேயே நடந்தது. காலை ஏழரை மணிக்கு ராஜபாண்டி முத்துமீனாவைக் கூட்டிக்கொண்டு அரங்கத்தின் வாசலுக்கு வந்தார். காவலுக்கு நின்றவர் முத்திருளன், அழகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று உள்ளே விடவேண்டியவர்களின் பட்டியல், மற்றது விடக் கூடாதவரின் படம். அவர் படத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்.

"ஏத்தா, நீ உள்ள போற முத்துமீனாவா, போகக் கூடாத முத்துமீனாவா?"

"ரெண்டும்தான்," என்றாள் முத்துமீனா. "எனக்கு இது கடைசி வருஷம்ண்ணே. உள்ள விடுங்க."

ராஜபாண்டி நடந்ததை எல்லாம் ஜூலையிலிருந்து சொன்னார். முத்திருளன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார்.

"சித்திரைத் திருவிழாவுல, ஆத்துல அழகர் எறங்குற அன்னைக்கு, காணாமப் போற பிள்ளைகள உக்காரவெக்கிற பந்தல்ல வருஷா வருஷம் எனக்குத்தாண்ணே ட்யூட்டி. பேரு, வயசு, உடுப்பு எழுதி, யாரு பொறுப்புன்னு கையெழுத்து வாங்கிட்டா அந்தப் பிள்ள எங்கிட்ட இருக்குன்னு கணக்கு. இதுவும் அப்பிடித்தான். போகக் கூடாத பிள்ளைய நான் இங்கயே பிடிச்சுவெக்கிறேன். போற பிள்ள போகட்டும்."

அப்படியே எழுதினார். 'பெயர்: முத்துமீனா, கிளப். உடுப்பு: நீலம். வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளார். பொறுப்பு: தந்தை.' ராஜபாண்டி கையெழுத்துப் போட்டார். முத்திருளன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார், பக்கத்தில் ராஜபாண்டி உட்கார இன்னொன்றும் போட்டார். சிவப்பு உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு முத்துமீனா உள்ளே ஓடினாள்.

பத்து மணிக்கு அருள்பாண்டி மார்பில் பெரிய பேட்ஜோடு வந்தார். "தடை பண்ணுன பிள்ள வந்துச்சா?"

"வந்துச்சு சார். பிடிச்சு உக்காரவெச்சிருக்கேன்," என்று முத்திருளன் காலி நாற்காலியைக் காட்டினார்.

அருள்பாண்டி நாற்காலியைப் பார்த்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பெயர் இருந்தது, உடுப்பு இருந்தது, பொறுப்பாளர் கையெழுத்து இருந்தது. எழுத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படுகிற கெட்ட பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நாற்காலியை நோக்கி விரலை ஆட்டினார்.

"சின்னப் பிள்ளைன்னு விடுறேன். இனிமேயாவது ஒழுங்கா இரு." பிறகு ராஜபாண்டி பக்கம் திரும்பி, "நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க. பொறுப்புக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பிள்ள நழுவி உள்ள போச்சுன்னா மொத்த ரிசல்ட்டும் ரத்து," என்றார்.

உள்ளே விசில் கேட்டது, கைதட்டல் கேட்டது. ராஜபாண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. முத்திருளன்தான் அடிக்கடி ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். காலிறுதி முடிந்தது. அரையிறுதியில் தேனிப் பிள்ளையை ஒரு புள்ளியில் முந்திவிட்டாள். பன்னிரண்டரை மணிக்கு அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். முத்திருளன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, ஜெயிச்சுருச்சுண்ணே! சேலத்துப் பிள்ளையோட ரெண்டு தோளும் தரையில! ஒங்க மக அது மேல கெடந்து சிரிக்குது! கீழ கெடக்குறது நான் இல்ல, வேற ஆளு, வேற ஆளுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குதுண்ணே! போய்ப் பாருங்க, கையத் தூக்கப் போறாய்ங்க!"

ராஜபாண்டி எழுந்தார். கதவு பத்து எட்டில் இருந்தது. இரண்டு எட்டு வைத்தார். நின்று, திரும்பிக் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"நான் போனா, இந்தப் பிள்ள தப்பிச்சுருச்சும்பாங்க. அந்தப் பிள்ளையோட மெடல வாங்கிருவாங்கய்யா," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது சந்தோஷமா துக்கமா என்று அவரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது.

இரண்டு மணிக்கு முத்துமீனா மெடலோடு வெளியே வந்தாள். விடுதியில் சேர்வதற்கான தாளும் கையில் இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"யப்பா, நான் ஜெயிச்சத நீ பாக்கவே இல்லையே."

"தோத்தவளுக்குத் தொணையா இருந்தேன்த்தா," என்றார் ராஜபாண்டி.

முத்திருளன் நோட்டைத் திறந்து, 'பிள்ளை தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எந்தப் பிள்ளை என்று எழுதவில்லை.